எந்த 2? கணித மென்பொருளின் அடிப்படைச் சொற்கள்

திருமங்கலம் வட்டாரத்தில் நிலம் சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிறது. நூறு சென்ட் சேர்ந்தது ஓர் ஏக்கர். 10 சென்ட் துண்டு ஒன்றும் அதை ஒட்டிய 20 சென்ட் துண்டு ஒன்றும் ஒரே கைக்கு வந்தால் மொத்தம் 30 சென்ட். ஏக்கரில் சொன்னால் 0.1 உடன் 0.2 கூடி 0.3. இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் கற்பிக்கப்படும் பைத்தான் மொழியில் இதே கூட்டலைத் தட்டச்சு செய்தால் 0.30000000000000004 என்று விடை வருகிறது. இரண்டு துண்டும் சேர்ந்தது 0.3 தானா என்று கேட்டால், இல்லை என்கிறது. 0.1-ஐப் பத்து முறை ஒவ்வொன்றாகக் கூட்டினால் ஓர் ஏக்கர் கிடைக்க வேண்டும், கிடைப்பதோ 0.9999999999999999.

முதல் கூட்டலில் வந்த உபரியை நிலமாகக் கணக்கிட்டால் ஒரு பாக்டீரியா படுத்துக்கொள்ளவும் இடம் போதாது. அதனால் எந்த வாய்க்கால் வரப்பும் நகரப் போவதில்லை. ஆனாலும் நான்காம் வகுப்புப் பிள்ளை சரியாகச் செய்யும் ஒரு கூட்டலில் இத்தனை வேகமான கருவி ஏன் பிசகுகிறது என்ற கேள்வி நிற்கிறது. கணித மென்பொருளின் அடிப்படைச் சொற்கள் பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியில்தான் வந்து சேர்கின்றன.

கணினி எண்களை இருமத்தில், அதாவது 0, 1 என்ற இரண்டே இலக்கங்களில் வைத்துக்கொள்கிறது. பத்தடிமானத்தில் மூன்றில் ஒரு பங்கை எழுதப் புகுந்தால் 0.333 என்று முடிவில்லாமல் நீள்கிறது அல்லவா? இருமத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் அதே கதி. பகுதி எண் 2-இன் அடுக்காக இருக்கும் பின்னங்கள் மட்டுமே இருமத்தில் முடிவடையும்: அரை, கால், அரைக்கால், வீசம் போன்றவை. பகுதியில் 5 என்ற காரணி ஒளிந்திருந்தாலும் போதும், அந்தப் பின்னம் முடிவடையாது. கணினி அதை ஓர் இடத்தில் வெட்டித்தான் ஆகவேண்டும். 1985-இல் ஏற்கப்பட்ட பன்னாட்டுத் தரத்தின்படி, வழக்கமான எண் ஒன்றுக்கு 53 பிட் அளவுக்குத் துல்லியம் உண்டு. பத்தடிமானத்தில் ஏறத்தாழ 16 இலக்கம். இப்படி வெட்டி வைக்கப்பட்ட எண்ணுக்கு மிதவைப் புள்ளி எண் என்று பெயர். புள்ளி நிலையாக ஓரிடத்தில் நிற்காமல் எண்ணின் அளவுக்கேற்ப நகர்வதால் வந்த பெயர் இது.

0.1 என்று எழுதும்போது உள்ளே உண்மையில் என்ன உட்காருகிறது என்பதைப் பைத்தானையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது தரும் பின்னத்தின் தொகுதி 3602879701896397, பகுதி 36028797018963968. பகுதி எண் 2-இன் 55-ஆம் அடுக்கு. தொகுதியைப் பத்தால் பெருக்கிப் பார்த்தால் கடைசி இரண்டு இலக்கம் 70. பகுதியின் கடைசி இரண்டு இலக்கம் 68. அந்த 2 தான் மிச்சம். கணினி வைத்திருப்பது பத்தில் ஒன்றுக்கு மிக நெருங்கிய, அதைவிட ஒரு துளி பெரிய வேறோர் எண். கூட்டலில் கணினி தவறவில்லை. அதன் கையில் கொடுக்கப்பட்ட எண்ணே வேறு.

தமிழ்ப் பின்னங்களை வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடமாக இருந்த காலத்தில், காரி நாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களில், தசமப் புள்ளி கிடையாது. ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயரும் தனிக் குறியும் இருந்தன. அவற்றை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். அரை, கால், அரைக்கால், வீசம் என்பது ஒன்று. 2, 4, 8, 16 என்று இரட்டிப்பாகவே போகும் பகுதிகள். மா, காணி, முந்திரி என்பது மற்றொன்று. 20, 80, 320 என்று பகுதிகள் எல்லாவற்றிலும் 5 உண்டு. முதல் குடும்பத்தைக் கணினி பிசகில்லாமல் வைத்துக்கொள்ளும். இரண்டாவதில் ஒன்றைக்கூட அதனால் சரியாக வைக்க முடியாது. ஐந்து சென்ட் என்பது ஏக்கரில் ஒரு மா. பத்து சென்ட் இருமா. இருபது சென்ட் நாலுமா. எண்சுவடி படித்தவருக்கு இருமாவும் நாலுமாவும் ஆறுமா. வெட்டலுக்கு அங்கே வேலையே இல்லை.

இந்த இரண்டு குடும்பமும் சந்திக்கும் ஓர் இடமும் உண்டு. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி: இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்து பதினாறில் ஒன்று. கணினியால் சரியாக வைக்க முடியாத இரண்டு எண்களின் கூட்டுத்தொகை அதனால் சரியாக வைக்க முடிந்த ஓர் எண். 0.05 உடன் 0.0125 கூட்டச் சொன்னால் பைத்தான் 0.0625 என்று சரியான விடையே தருகிறது. ஆனால் அது உள்ளே இருந்த இரண்டு சிறு பிழைகளும் முழுமையாக்கும்போது உதிர்ந்துபோனதால் வந்த விடை. விடை சரியாக வந்துவிட்டது என்பதாலேயே கணக்கு சரியான வழியில் நடந்தது என்று கொள்ள முடியாது என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைப்பது அரிது. (மா, காணி, முந்திரிக் குறிகள் 2019-இல் வெளிவந்த யூனிகோடு 12-ஆம் பதிப்பில் இடம்பெற்றுவிட்டதால் அவற்றை இப்போது கணினியில் எழுத்தாகவும் வைக்கலாம்.)

இந்தச் சிறு பிழை எப்போதும் சிறிதாகவே இருந்துவிடுவதில்லை. 1991 பிப்ரவரி 25 அன்று, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தனர். பின்னர் நடந்த ஆய்வில் காரணம் தெரிந்தது. அந்த அமைப்பின் கடிகாரம் நொடியில் பத்தில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்று 24 பிட்டில் வெட்டப்பட்டிருந்தது. நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை ஏறத்தாழ 0.34 நொடியாகத் திரண்டுவிட்டது. அந்த நேரத்துக்குள் ஸ்கட் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் கடந்துவிடும்.

அப்படியிருந்தும் மிதவைப் புள்ளி எண்களை யாரும் கைவிடவில்லை, கைவிடவும் முடியாது. வானிலைக் கணிப்பு, பாலத்தின் தாங்குதிறன், படச் செயலாக்கம் ஆகியவற்றில் கோடிக்கணக்கான கூட்டல் பெருக்கல்கள் நொடியில் நடந்தாக வேண்டும்; அளந்து எடுத்த தரவிலேயே 16 இலக்கத் துல்லியம் இருப்பதில்லை. இவ்வகை வேலைக்கு எண்முறைக் கணிப்பு என்று பெயர். மேட்லேப், பிரான்சில் பிறந்த கட்டற்ற மென்பொருளான சைலேப் ஆகியவை இதற்கென்றே உருவானவை. சைலேப்பை இந்தியக் கல்லூரிகளில் பரப்பும் பணியை ஐஐடி பம்பாயின் ஃபாஸ்ஸி திட்டம் செய்துவருகிறது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் சைலேப் பாடங்கள் தமிழ்க் குரலிலும் கிடைக்கின்றன. அந்த மென்பொருள்களின் அடிப்படைச் சொல் அணி. ஒற்றை எண்ணும் அங்கே ஒரு வரிசை, ஒரு நிரல் கொண்ட அணிதான்.

கணித ஆராய்ச்சிக்கு வேறு வகை மென்பொருள் தேவைப்படுகிறது. இங்கே மூன்றில் ஒன்று மூன்றில் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டின் வர்க்கமூலம் வர்க்கமூலமாகவே நிற்க வேண்டும். இதைக் குறியீட்டுக் கணிப்பு என்பர். 1960-களில் இயற்பியலாளர்களின் தேவைக்காகத் தொடங்கிய இந்த வழியில் மேக்ஸிமா, மேப்பிள், மேத்தமேட்டிகா எனப் பல அமைப்புகள் வந்தன. அமெரிக்கக் கணிதவியலாளர் வில்லியம் ஸ்டைன் 2005-இல் வெளியிட்ட சேஜ் இந்த வரிசையில் பிந்தியது. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்கு மாற்றாக, யாரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் கூடியதாக அது திட்டமிடப்பட்டது. எல்லாவற்றையும் புதிதாக எழுதாமல், குலங்களுக்கு கேப், எண்கோட்பாட்டுக்கு பாரி, நுண்கணிதத்துக்கு மேக்ஸிமா என்று ஏற்கெனவே இருந்த கட்டற்ற மென்பொருள்களை ஒன்றிணைத்து, மேலே பைத்தானை மொழியாக வைத்தது. அடிப்படைச் சொற்களை விளக்க சேஜ் மிகப் பொருத்தமானது. கணிதத்தில் ஒரு பொருளுக்கு என்ன பெயரோ ஏறத்தாழ அதே பெயரில்தான் அது இங்கேயும் அழைக்கப்படுகிறது.

சேஜில் பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் பின்னமாகவே எழுதிக் கூட்டினால் 3/10 என்று வருகிறது. பைத்தானை அடிப்படையாகக் கொண்டதாயிற்றே, அந்தப் பழக்கம் எங்கே போயிற்று? விசை தட்டியதும் வரி நேராகப் பைத்தானிடம் போவதில்லை. நடுவில் முன்செயலி என்ற ஒரு நிலை அதை வாங்கிப் பார்க்கிறது. வரியில் உள்ள ஒவ்வொரு முழு எண்ணையும் சேஜின் சொந்த முழு எண்ணாக மாற்றுகிறது. கூரைக் குறியை அடுக்குக் குறியாக மாற்றுவதும் அதுவே. பைத்தானில் 2, கூரை, 3 என்று எழுதினால் பிட் அளவிலான வேறொரு செயல் நடந்து 1 என்ற விடை வரும். சேஜில் கணிதம் படித்தவர் எதிர்பார்க்கும் 8 வருகிறது. சேஜுக்கென எழுதிய நிரலை வெறும் பைத்தானில் ஓட்டும்போது விடை மாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி மையமான சொல்லுக்கு வரலாம். சேஜில் உள்ள ஒவ்வொரு கணிதப் பொருளும் ஓர் உறுப்பு. ஒவ்வோர் உறுப்புக்கும் அது சேர்ந்திருக்கும் ஒரு கணம் உண்டு. சேஜ் அதை பேரன்ட் என்கிறது. தமிழில் தாய்க்கணம் எனலாம். கிராமத்துக்குப் புதிதாக வந்து நிற்கும் இளைஞனைப் பார்த்து, யார் வீட்டுப் பிள்ளை என்று முதலில் கேட்பார்கள். பேர் என்ன என்பது அடுத்த கேள்வி. வீடு தெரிந்தால் அவனை எப்படி அழைப்பது, அவனிடம் என்ன பேசலாம் என்பதெல்லாம் தெரிந்துவிடும். சேஜும் இரண்டு பொருள்களைக் கூட்டவோ பெருக்கவோ சொன்னால் முதலில் கேட்பது இந்தக் கேள்வியைத்தான். 2 என்று எழுதினால் அது முழுக்களின் உறுப்பு. 2-ஐ 1-ஆல் வகுத்து எழுதினால் விகிதமுறு எண்களின் உறுப்பு. 2.0 என்றால் 53 பிட் மெய்யெண்களின் உறுப்பு. திரையில் முதல் இரண்டும் 2 என்றே தெரியும். வகுத்தல், காரணிப்படுத்தல் போன்ற செயல்களில் அவற்றின் நடத்தை வேறு.

தாய்க்கணங்களுக்குச் சேஜ் வைத்திருக்கும் பெயர்களும் கணிதப் புத்தக வழக்கைப் பின்பற்றியவை. இசட் என்ற எழுத்தை இரட்டித்தால் முழுக்கள். க்யூவை இரட்டித்தால் விகிதமுறு எண்கள். ஆர் இரட்டித்தால் மெய்யெண்கள். சி இரட்டித்தால் கலப்பெண்கள். பேரன்ட் என்ற கட்டளைக்குள் எந்தப் பொருளை இட்டாலும் அது எதைச் சேர்ந்தது என்ற பதில் வரும். எதிர்பாராத விடை வந்து திகைப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் சோதனை இதுவே. பாதிக் குழப்பங்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

வேறு வேறு கணத்தைச் சேர்ந்த இரண்டு உறுப்புகளைக் கூட்டினால்? முழு எண் 2 உடன் பின்னம் மூன்றில் ஒன்றைக் கூட்டும்போது, சேஜ் 2-ஐ விகிதமுறு எண்ணாக ஏற்றிக்கொண்டு கூட்டுகிறது. பின்னத்தோடு 0.5-ஐக் கூட்டினால் பின்னத்தை மிதவைப் புள்ளி எண்ணாக்கிக்கொள்கிறது. இப்படி யாரும் கேட்காமலே நடப்பதைத் தன்னேற்றம் எனலாம். இதற்கு ஒரு திசை உண்டு. முழுக்களிலிருந்து விகிதமுறு எண்களுக்கு, அங்கிருந்து மெய்யெண்களுக்கு, அங்கிருந்து கலப்பெண்களுக்கு. எதிர்த்திசையில் சேஜ் தானாகப் போகாது. மிதவை எண் ஏற்கெனவே வெட்டுப்பட்டது. அதைத் துல்லியமான பின்னம் என்று சொல்லிக்கொள்வது இல்லாத தகவலைச் சேர்ப்பதாகிவிடும். அப்படி மாற்றியே ஆக வேண்டுமென்றால் கணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். அது வெளிப்படை மாற்றம். ஒரு நீண்ட கணக்கில் ஒரே ஓர் இடத்தில் 0.5 என்று எழுதிவிட்டாலும் அதோடு சேர்வதெல்லாம் மிதவைப் புள்ளிக்குப் போய்விடும் என்பதைப் புதிதாகப் பழகுபவர்கள் கவனிப்பதில்லை. துல்லியம் வேண்டுமென்றால் அரை என்பதை 1/2 என்றே எழுத வேண்டும்.

துல்லியத்துக்கு விலையும் உண்டு. 1, அரை, மூன்றில் ஒன்று, கால் என்று நூறில் ஒன்று வரை உள்ள பின்னங்களை எல்லாம் துல்லியமாகக் கூட்டினால் விடையின் தொகுதியில் 41 இலக்கம், பகுதியில் 40 இலக்கம். மதிப்பு என்னவோ ஐந்தைச் சற்றே தாண்டியதுதான். கூட்டல்கள் கூடக் கூட இலக்கங்கள் பெருகி நினைவகத்தையும் நேரத்தையும் விழுங்கும்.

இளநிலைக் கணிதம் படிக்கும் மாணவர்கள் வளையம், களம் என்ற சொற்களைத் தேர்வுக்காக வரையறையோடு மனப்பாடம் செய்கிறார்கள். அவற்றால் என்ன பயன் என்பது பலருக்குக் கடைசி வரை தெரிவதில்லை. இது வருத்தத்துக்குரியது, அந்தச் சொற்கள் மிகக் கூர்மையான கேள்விகளுக்குப் பதிலாக வந்தவை. கூட்டல், கழித்தல், பெருக்கல் மூன்றும் வெளியே போகாமல் உள்ளேயே முடியும் கணம் வளையம். சுழியம் தவிர்த்த எதனாலும் வகுக்கவும் முடிந்தால் அது களம். முழுக்கள் வளையம் மட்டுமே: 7-ஐ 2-ஆல் வகுத்தால் முழு எண் கிடைப்பதில்லை. சேஜ் அங்கே பிழை என்று நிற்காமல் விகிதமுறு எண்களின் களத்துக்குப் போய் 7/2 என்று தருகிறது.

பத்தாம் வகுப்புப் பாடத்தில் வரும் மட்டு எண்கணிதத்தில் இதன் சுவை இன்னும் கூடுகிறது. மட்டு 7 என்றால் 7-ஆல் வகுத்த மீதி மட்டுமே கணக்கில் வரும். 0 முதல் 6 வரை ஏழே எண்கள். இந்தக் கணத்தில் 1-ஐ 3-ஆல் வகு என்று சேஜிடம் சொன்னால் 5 என்கிறது. முதலில் அபத்தமாகப் படும். சரிபார்ப்பது எளிது: 3-ஐ 5-ஆல் பெருக்கினால் 15, அதை 7-ஆல் வகுத்தால் மீதி 1. எதை 3-ஆல் பெருக்கினால் 1 வருமோ அதுவே 1-ஐ 3-ஆல் வகுத்த ஈவு. அதன்படி விடை 5 தான். இதே கேள்வியை மட்டு 6-இல் கேட்டால் சேஜ் மறுத்துவிடுகிறது, அப்படி ஓர் எண் அங்கே இல்லை என்று. 3-ஐ எதனால் பெருக்கினாலும் மட்டு 6-இல் 0 அல்லது 3 மட்டுமே வரும். 7 பகா எண் என்பதால் மட்டு 7 ஒரு களம். 6 பகு எண் என்பதால் மட்டு 6 வெறும் வளையம். மட்டு 5-ஐச் சேர்ந்த எண்ணையும் மட்டு 7-ஐச் சேர்ந்த எண்ணையும் கூட்டச் சொன்னால், இவை இரண்டுக்கும் பொதுவான தாய்க்கணம் இல்லை என்ற பொருளில் பிழைச் செய்தி வருகிறது. அந்தச் செய்தி பயனரைத் திட்டவில்லை. கேள்விக்கே பொருள் இல்லை என்று கணிதம் சொல்வதைத்தான் அது சொல்கிறது.

காரணிப்படுத்தலிலும் இப்படித்தான். ஒரு மாறியின் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டிய பல்லுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்த முடியுமா என்பது பள்ளிக்கூடக் கேள்வி. முடியாது என்பது பள்ளிக்கூட விடை. விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட பல்லுறுப்புக் கோவைகளின் வளையத்தில் சேஜும் அதையே சொல்கிறது, மெய்யெண்களிலும் அப்படியே. கலப்பெண்களில் அது இரண்டாகப் பிரிகிறது. மட்டு 2-இல் மாறியோடு 1 கூட்டியதன் வர்க்கமாகிவிடுகிறது. மட்டு 5-இல் மாறியோடு 2 கூட்டியது ஒரு காரணி, 3 கூட்டியது மற்றொரு காரணி: பெருக்கினால் நடு உறுப்பின் கெழு 5, கடைசி எண் 6, மட்டு 5-இல் முன்னது சுழியம், பின்னது 1. மட்டு 7-இல் மறுபடி பிரிய மறுக்கிறது. எழுதிய கோவை எல்லா இடத்திலும் ஒன்றேதான். எந்த வளையத்தில் என்று சொல்லாமல், காரணிப்படுத்த முடியுமா என்று கேட்பது முழுமையான கேள்வியாகாது.

மாறி என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. அவற்றைப் பிரித்தறியாததால் வரும் தொல்லைகள் அதிகம். நிரல்மொழியில் மாறி என்பது ஒரு பெயர். சமக் குறியின் இடப்பக்கம் எழுதி, வலப்பக்கத்து மதிப்பை அதற்குக் கொடுக்கிறோம். கணிதத்தில் மாறி என்பது மதிப்பே கொடுக்கப்படாத ஒரு குறி. சேஜில் இரண்டாவது வகையை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். எக்ஸ் என்ற ஓர் எழுத்து மட்டும் தொடக்கத்திலேயே அறிவிக்கப்பட்டதாக இருக்கும். அந்த எழுத்தை வைத்து ஒரு கோவையை எழுதிவிட்டு, பிறகு அதே எழுத்துக்கு 5 என்று மதிப்புக் கொடுத்தால், முன்பு எழுதிய கோவை மாறுவதில்லை. கோவைக்குள் இருப்பது குறி; இப்போது மதிப்புப் பெற்றிருப்பது பெயர். கோவையில் 5-ஐப் பிரதியிட வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒற்றைச் சமக் குறி மதிப்பைக் கொடுப்பதற்கு. சமன்பாடு எழுத இரட்டைச் சமக் குறி.

கோவைகள் வாழும் தாய்க்கணத்தைக் குறியீட்டு வளையம் என்கிறார்கள். இரண்டின் வர்க்கமூலத்தை எழுதினால் அது இங்கே அப்படியே நிற்கும். வர்க்கப்படுத்தினால் மிகச் சரியாக 2. மிதவைப் புள்ளியில் செய்தால் 2.0000000000000004. தோராய மதிப்பு தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஒரு மாறியின் வர்க்கத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் அதே மாறி வரும் என்று பலர் நினைப்பார்கள். சேஜ் அப்படிச் சுருக்குவதில்லை. மாறி எதிர்ம எண்ணாக இருந்தால் அந்தச் சுருக்கம் தவறாகிவிடும். மாறி நேர்ம எண் என்று அனுமானம் அறிவித்தபின் சுருக்கச் சொன்னால் சுருக்குகிறது. அனுமானம் என்பது இங்கே ஒரு முறையான கட்டளை.

இரண்டு கோவைகள் சமமா என்று கேட்கும்போது மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஆம் என்று விடை வந்தால், சேஜ் ஏதோ ஒரு வழியில் அதை நிறுவிவிட்டது என்று பொருள். இல்லை என்று வந்தால் இரண்டும் வேறு என்று பொருள் கொள்ளக் கூடாது. சமம் என்று நிறுவ முடியவில்லை என்பது மட்டுமே அதன் பொருளாக இருக்கலாம். இது மென்பொருளை எழுதியவர்களின் குறையன்று. டேனியல் ரிச்சர்ட்சன் 1968-இல் நிறுவிய தேற்றம் ஒன்று உண்டு. சைன், அடுக்குக்குறிச் சார்பு, தனி மதிப்பு போன்றவற்றைக் கலந்து எழுதப்படும் கோவைகளில், கொடுக்கப்பட்ட ஒன்று எப்போதும் சுழியமா என்று தவறாமல் தீர்மானிக்கும் பொதுவான வழிமுறை இருக்கவே முடியாது என்கிறது அது. எவ்வளவு வேகமான கணினி வந்தாலும் இந்த எல்லை நகராது.

துல்லியம் எவ்வளவு என்பதையும் தாய்க்கணமே முடிவு செய்கிறது. இராமானுசன் 1914-இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அதிசயத்தைக் குறித்திருக்கிறார்: 58-இன் வர்க்கமூலத்தை π-ஆல் பெருக்கி, அதை அடுக்காக வைத்து இயல் மடக்கையின் அடிமானத்தை உயர்த்தினால் 24591257751.99999982 என்று தொடரும் எண் கிடைக்கிறது; ஏறத்தாழ முழு எண், ஆனால் முழு எண் அன்று. 53 பிட் மெய்யெண்களில் இதைச் சரிபார்க்க முயன்றால் தோல்விதான். அந்த அளவுள்ள இடத்தில் அடுத்தடுத்த இரண்டு மிதவை எண்களுக்கு இடையிலான தூரமே, இராமானுசன் சுட்டிய இடைவெளியைப் போல 20 மடங்குக்கு மேல். கணினி அந்த இடைவெளியைப் பார்க்கவே வழியில்லை. 100 பிட் மெய்யெண் களம் ஒன்றை உருவாக்கி அதில் கேட்டால் ஒன்பதுகளும் அவற்றின் பின்னால் வரும் 82-உம் தெளிவாகத் தெரிகின்றன. இராமானுசன் இதைக் கணினியின்றிக் கண்டார். மட்டுச் சமன்பாடுகளின் கோட்பாடு அவரை அந்த எண்ணிடம் அழைத்துச் சென்றது.

எத்தனை பிட் போதும் என்று முன்கூட்டித் தெரியாதபோது பந்து எண்கள் உதவுகின்றன. ஒரு மதிப்பும் அதைச் சுற்றி ஓர் ஆரமும் சேர்ந்தது பந்து எண். உண்மையான விடை அந்த ஆரத்துக்குள் இருக்கிறது என்பது உறுதி. ஒவ்வொரு செயலிலும் ஆரம் எவ்வளவு விரிகிறது என்பதையும் மென்பொருளே கணக்கிட்டுக்கொள்ளும். இலக்கங்களை நீட்டிக் காட்டுவது வேறு, அவற்றில் எத்தனை நம்பத்தக்கவை என்று சொல்வது வேறு. பந்து எண் இரண்டாவதைச் செய்கிறது.

எஞ்சிய சொற்கள் பயன்பாட்டைச் சேர்ந்தவை. ஒரு பொருளின் பெயருக்குப் பின் புள்ளி வைத்து எழுதப்படும் கட்டளை அதன் செய்முறை: 1729 என்று எழுதிப் புள்ளி வைத்து ஃபேக்டர் என்றால் 7, 13, 19 என்ற காரணிகள் வரும். புள்ளிக்குப் பின் டேப் விசையை அழுத்தினால் அந்தப் பொருளுக்கு உரிய செய்முறைகள் எல்லாம் பட்டியலாகும்; முழு எண்ணுக்கு ஒரு பட்டியல், அணிக்கு வேறு பட்டியல். நோட்புக் எனப்படும் பக்கத்தில் கட்டளைகள் எழுதும் பெட்டி செல். அதை வாங்கிக் கணக்கிடும் பின்னணி நிரல் கெர்னல். செல்களைத் திரையில் உள்ள வரிசையில் ஓட்டாமல் முன்பின்னாக ஓட்டினால், கெர்னல் தான் பெற்ற வரிசையையே நினைவில் வைத்திருக்கும். விடை புரியாமல் போகும்போது கெர்னலை மறுதொடக்கம் செய்து மேலிருந்து ஓட்டுவது நல்லது. மென்பொருளை நிறுவ வசதியான கணினி இல்லாதவர்கள் சேஜ்செல் என்ற இணையப் பக்கத்தில், கைப்பேசியிலிருந்தே, ஒரு செல் அளவுக்கான கணக்கைச் செய்துபார்க்கலாம்.

செய்முறை ஒன்றின் பெயருக்குப் பின் ஒரு வினாக்குறி இட்டால் அதன் விளக்கமும் எடுத்துக்காட்டுகளும் வரும். இரண்டு வினாக்குறி இட்டால் அதன் மூலநிரலே திரையில் விரியும்; எந்த வழிமுறையில் விடை கணக்கிடப்பட்டது, வேலை பாரியிடம் போகிறதா மேக்ஸிமாவிடம் போகிறதா என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். சேஜில் புதிதாக ஒரு செய்முறையைச் சேர்க்க விரும்புபவர் அதற்கான எடுத்துக்காட்டுகளையும் எதிர்பார்க்கும் விடைகளையும் விளக்கத்திலேயே எழுதித் தர வேண்டும் என்பது விதி. அந்த எடுத்துக்காட்டுகள் மீண்டும் மீண்டும் தானாக ஓட்டிச் சோதிக்கப்படுகின்றன. எழுதியவரல்லாத இன்னொருவர் நிரலைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே அது அடுத்த பதிப்பில் சேர்கிறது.